நின்றபடியே பாடம் கேட்டவர்கள்

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் இரண்டாம் உலகப்போர் பாடத்தை நடத்தும்போது, யூதர்கள் கொன்றொழிக்கப்பட்ட செய்தி சில வரிகளில் வந்துபோகிறது. 60 லட்சம் என்ற எண்ணை மாணவர்கள் அடிக்கோடிட்டுக்கொள்கிறார்கள். தேர்விலும் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் அத்தனை பெரிய எண் அவர்கள் மனத்தில் படிவதில்லை. அதோடு இரண்டு தவறான எண்ணங்களும் தங்கிவிடுகின்றன. எல்லாம் ஹிட்லர் என்ற ஒரு மனிதன் செய்தது என்பது ஒன்று. யூதர்கள் எதிர்ப்பே காட்டாமல் அடங்கிப் போனார்கள் என்பது மற்றொன்று.

இந்த இரண்டையும் திருத்த, போருக்கு முன் போலந்து நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நடந்த ஒரு நிகழ்வைச் சில ஆண்டுகளாக வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். அங்கே துப்பாக்கி இல்லை, முள்வேலி இல்லை. ஒரு வகுப்பறையும் சில பெஞ்சுகளும்தான் இருந்தன. அதனால் நம் மாணவர்களுக்கு உடனே புரிகிறது. நமக்கும் அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பதால் அந்தப் பாடத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

போலந்தில் நடந்தது என்ன?

முதல் உலகப்போர் முடிந்த 1918இல் போலந்து மீண்டும் விடுதலை பெற்ற நாடானது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 31 லட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள்; பத்தில் ஒருவர் யூதர். மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் யூத மாணவர்கள் கணிசமாக இருந்தார்கள். 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. படித்தவர்களுக்கு வேலை கிடைப்பது அரிதானது. "நமக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்" என்ற பேச்சைத் தீவிர தேசியவாத மாணவர் அமைப்புகள் கல்லூரி வளாகங்களில் பரப்பின. முதலில், யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்றார்கள். அடுத்து, ஒரே பெஞ்சில் சேர்ந்து உட்கார முடியாது என்றார்கள். கைத்தடிகளோடு வகுப்பறைக்குள் புகுந்து யூத மாணவர்களை அடித்து வெளியேற்றினார்கள். மாணவியரும் தப்பவில்லை.

1935 டிசம்பரில் லிவோவ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் முதன்முதலாக யூத மாணவர்களுக்குத் தனி இருக்கைகள் ஒதுக்கப்பட்டன. அந்த நகரம் இன்று லிவிவ் என்ற பெயரில் உக்ரைன் நாட்டில் இருக்கிறது. யூதர்களை ஒதுக்கிவைத்த குடியிருப்புக்கு ஐரோப்பாவில் 'கெட்டோ' என்று பெயர். 1516இல் வெனிஸ் நகரில் அமைந்த அத்தகைய குடியிருப்பிலிருந்து வந்த சொல் அது. எனவே வகுப்பறையில் ஒதுக்கப்பட்ட அந்த இருக்கைகளைக் 'கெட்டோ பெஞ்சுகள்' என்று அழைத்தார்கள். நாடாளுமன்ற மேலவை உறுப்பினரும் வரலாற்று அறிஞருமான மோசஸ் ஷோர், இது நாட்டின் அரசியலமைப்புக்கே முரணானது என்று எதிர்த்துப் பேசினார். பயனில்லை.

1936 நவம்பரில் வார்சா பல்கலைக்கழகத்துக்குள் தேசியவாத மாணவர்கள் புகுந்துகொண்டு முற்றுகைப் போராட்டம் நடத்தினார்கள். மோதல்கள் தொடர்ந்தன. கடைசியில் 1937 அக்டோபரில், வகுப்பறை இருக்கைகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கல்வி அமைச்சர் பல்கலைக்கழகத் தலைவர்களுக்கு வழங்கினார். அந்த அமைச்சர் தாமே ஒரு வேதியியல் பேராசிரியர். வளாகத்தில் அமைதி திரும்ப வேண்டும் என்பதுதான் சொல்லப்பட்ட நோக்கம். பல்கலைக்கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆணை பிறப்பித்தன. விரிவுரைக் கூடத்தின் இடப்பக்கம் யூதர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. மீறினால் கல்லூரியிலிருந்து நீக்கப்படலாம்.

போலந்து மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பதிவேடு இருக்கும். எந்தப் பாடம் கேட்டார், என்ன மதிப்பெண் பெற்றார் என்பதைப் பேராசிரியர் அதில் எழுதிக் கையொப்பமிடுவார். வார்சாவில் யூத மாணவர்களின் பதிவேட்டில், ஒற்றைப்படை எண் கொண்ட பெஞ்சுகளில்தான் இடம் என்று முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரை பதிந்த பதிவேடுகள் இன்றும் சான்றாக இருக்கின்றன.

உட்கார மறுத்தார்கள்

யூத மாணவர்கள் என்ன செய்தார்கள்? திருப்பி அடிக்கும் எண்ணிக்கை அவர்களுக்கு இல்லை. படிப்பை விட்டுவிட்டு வெளியேறினால் எதிராளிகள் கேட்டதே நடந்துவிடும். ஒதுக்கிய பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த ஆணையை ஏற்றுக்கொண்டதாகிவிடும். எனவே பலர் மூன்றாவது வழியைத் தேர்ந்தார்கள். வகுப்புக்கு வந்தார்கள்; உட்காரவில்லை. விரிவுரை முடியும்வரை நின்றபடியே பாடம் கேட்டார்கள். அடுத்த வகுப்பிலும் நின்றார்கள். மறுநாளும் நின்றார்கள்.

அவர்களோடு யூதரல்லாத மாணவர்கள் சிலரும் எழுந்து நின்றார்கள். அவர்களுக்கென்று இருக்கை இருந்தது, யாரும் தடுக்கவில்லை. இருந்தும் நின்றார்கள். அதற்காகத் தங்கள் சக மாணவர்களிடமே பகையைத் தேடிக்கொண்டார்கள்.

பேராசிரியர்களில் 50க்கும் மேற்பட்டோர் இந்த முறையைக் கண்டித்தார்கள். மெய்யியல் பேராசிரியர் ததேயுஷ் கோத்தர்பின்ஸ்கி, வரலாற்றுப் பேராசிரியர் மர்செலி ஹந்தெல்ஸ்மன், சமூகவியலாளர் ஸ்தனிஸ்வாவ் ஒசோவ்ஸ்கி, பொருளியல் அறிஞர் எட்வர்ட் லிபின்ஸ்கி ஆகியோர் அவர்களில் சிலர். லிவோவ் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த தாவரவியல் பேராசிரியர் ஸ்தனிஸ்வாவ் குல்சின்ஸ்கி, தனி இருக்கை ஆணையில் கையொப்பமிட மறுத்து, 1938 ஜனவரியில் பதவியைத் துறந்தார். அதே நகரில் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியரும் நாட்டின் முன்னாள் பிரதமருமான காசிமியெஷ் பார்தெல் இதை வெளிப்படையாக எதிர்த்து, மாணவர்களின் வசைக்கு ஆளானார்.

ஆனாலும் ஆணை நிற்கவில்லை. குல்சின்ஸ்கி விலகியதும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் கையொப்பமிட்டார். தனி பெஞ்சுகள் நடைமுறைக்கு வந்தன. எதிர்த்தவர்களைவிட, "நமக்கேன் வம்பு" என்று இருந்தவர்களே அதிகம்.

அமைதி திரும்பியதா?

பாடத்தின் மையமே இந்தக் கேள்விதான். தனி பெஞ்சு கொடுத்தால் சண்டை ஓயும் என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். நடந்தது நேர்மாறு. பெஞ்சு கிடைத்தவுடன் அடுத்த கோரிக்கை வந்தது: யூத மாணவர்களே பல்கலைக்கழகத்தில் இருக்கக்கூடாது. தாக்குதலும் நிற்கவில்லை. லிவோவ் நகரில் 1938, 1939 ஆண்டுகளில் யூத மாணவர்கள் தாக்கப்பட்டு உயிரிழந்தார்கள். போலந்து உயர்கல்வியில் 1921-22இல் நூற்றுக்கு 24.6ஆக இருந்த யூத மாணவர் பங்கு, 1938-39இல் 8.2ஆகச் சுருங்கிவிட்டது.

தடியோடு வந்தவன் மனத்தில் இருந்தது வெறுப்பு. அந்த வெறுப்புக்கு நிர்வாகம் ஒரு வரைபடமும் ஒரு முத்திரையும் கொடுத்தபோது அது விதியாகிவிட்டது. அதுவரை அவன் செய்தது குற்றம். அதன்பிறகு, இடம் மாறி உட்கார்ந்த யூத மாணவர் செய்வதுதான் குற்றம். அடித்தவனைத் தண்டிப்பது கடினமாக இருந்தது. அடிபட்டவனை இடம் மாற்றுவது எளிதாக இருந்தது. ஆசிரியர்களாகிய நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. போர் முடிவதற்குள் போலந்து யூதர்களில் சுமார் 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அதைச் செய்தது நாஜி அரசு. பெஞ்சுகளை ஒதுக்கியவர்கள் அல்ல. இந்த வேறுபாட்டை மாணவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தனி பெஞ்சுகளை எதிர்த்த பேராசிரியர்கள் சிலரும் அந்தப் போரில் தப்பவில்லை. பார்தெல் 1941இல் நாஜிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹந்தெல்ஸ்மன் 1945இல் வதைமுகாமில் இறந்தார். கோத்தர்பின்ஸ்கி ஆக்கிரமிப்புக் காலத்தில் மறைவாக வகுப்பு நடத்தினார். குல்சின்ஸ்கி போருக்குப்பின் விரோத்ஸ்வாஃப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

வகுப்பில் நடத்தும் முறை

இதற்கு இரண்டு பாடவேளைகள் போதும்.

முதல் பாடவேளையில் கரும்பலகையில் ஒரு விரிவுரைக் கூடத்தை வரைகிறேன். இடப்பக்கப் பெஞ்சுகளை மட்டும் வண்ணச் சுண்ணக்கட்டியால் நிரப்புகிறேன். பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லி, "இந்த இடத்தில்தான் உட்கார வேண்டும் என்று உங்கள் பதிவேட்டில் முத்திரை குத்திவிட்டார்கள். நாளை காலை வகுப்பு. என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு நிறுத்துகிறேன். யூத மாணவர்கள் என்ன செய்தார்கள் என்பதை உடனே சொல்வதில்லை. மாணவர்களே வழிகளை அடுக்குகிறார்கள்: சண்டை போடலாம், மனு கொடுக்கலாம், வேறு கல்லூரிக்குப் போகலாம், பேசாமல் உட்கார்ந்துவிடலாம். ஒவ்வொன்றையும் பலகையில் எழுதி, அதனால் என்ன விளையும் என்று விவாதிக்கிறோம். அதன்பின் "அவர்கள் நின்றார்கள்" என்று சொல்லும்போது வகுப்பு சற்று அமைதியாகிறது. நம் பள்ளிகளில் எழுந்து நிற்பது தண்டனை. அதையே ஒருவர் எதிர்ப்பாக மாற்ற முடியும் என்பது அவர்களுக்குப் புதிது.

இந்த இடத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒரே கேள்வி வருகிறது: "உட்கார்ந்தா என்ன டீச்சர்? எங்க உட்கார்ந்தாலும் அதே பாடம்தானே?" இந்தக் கேள்வியை நான் பதில் சொல்லி மூடிவிடுவதில்லை, வகுப்பிடமே திருப்பிவிடுகிறேன். ஒருமுறை ஒரு மாணவி சொன்ன பதில் இது: "அவங்களா போய் உட்கார்ந்தா அது இடம். இவங்க உட்கார வெச்சா அது அடையாளம்." இதைவிடத் தெளிவாக எனக்கும் சொல்லத் தெரியாது.

இரண்டாம் பாடவேளையில் வகுப்பை ஆறு குழுக்களாகப் பிரிக்கிறேன். யூத மாணவர், தடியோடு வந்த மாணவர், தன் இருக்கையில் பேசாமல் உட்கார்ந்திருந்த மாணவர், எழுந்து நின்ற யூதரல்லாத மாணவர், பேராசிரியர், ஆணையில் கையொப்பமிட வேண்டிய பல்கலைக்கழகத் தலைவர் என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒருவர். மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை தேட வேண்டும். இவர் முன் இருந்த வழிகள் எவை? எதைத் தேர்ந்தார் அல்லது தேர்ந்திருக்கலாம்? அதற்கு என்ன விலை கொடுத்தார்?

பேசாமல் உட்கார்ந்திருந்த மாணவரை எடுத்துக்கொள்ளும் குழுவே வழக்கமாக அதிகம் திணறுகிறது. "அவர் ஒண்ணும் செய்யலையே" என்று முதலில் எழுதுகிறார்கள். பிறகு, ஒன்றும் செய்யாதிருப்பதும் ஒரு தேர்வுதான் என்பது அவர்களுக்கே தோன்றுகிறது. அந்தக் கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தால் இடப்பக்கம், வலப்பக்கம் என்ற பேச்சுக்கே பொருளிருந்திருக்காது.

மதிப்பீட்டுக்கு ஒரு கேள்வி மட்டும் தருகிறேன்: "அமைதிக்காகத்தான் இந்த ஆணை என்று பல்கலைக்கழகம் சொன்னது. இதை ஏற்கிறீர்களா? நிகழ்வுகளைக் காட்டி எழுதுக." விடை இது என்று நான் முன்கூட்டியே வைத்துக்கொள்வதில்லை. காரணத்தோடு எழுதியிருக்கிறாரா என்பதையே பார்க்கிறேன்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

முதலாவது, இதை நடித்துக் காட்டச் செய்யக்கூடாது. புரியவைக்கிறோம் என்று சொல்லி, வகுப்பில் சிலரைத் தனியே உட்காரவைத்துப் பார்ப்பது விபரீதம். அது ஏற்கெனவே காயப்பட்ட குழந்தையை மீண்டும் காயப்படுத்தும், மற்றவர்களுக்கு விளையாட்டாகிவிடும். பலகையில் வரைந்த படம் போதும்.

இரண்டாவது, போலந்து மக்கள் எல்லோரும் இப்படித்தான் என்ற முடிவுக்கு மாணவர்கள் போய்விடக்கூடாது. ஒரு கூட்டத்தை வெறுக்காதே என்று சொல்லும் பாடம், இன்னொரு கூட்டத்தின்மேல் வெறுப்பை வளர்த்தால் நோக்கமே கெட்டுவிடும். கையொப்பமிட மறுத்தவரும் போலந்துக்காரர்தான்.

மூன்றாவது, இன்றைய இஸ்ரேல் அரசைப் பற்றியும் மாணவர்கள் கேட்பார்கள். செய்திகளில் பார்க்கிறார்களே. ஓர் அரசை அதன் செயலைக் கொண்டு மதிப்பிடலாம், எதிர்க்கவும் செய்யலாம். ஆனால் பிறப்பாலோ மதத்தாலோ ஒரு மனிதரின்மேல் குற்றம் சுமத்த முடியாது என்று நான் சொல்கிறேன். இந்த அளவுகோல் எல்லா அரசுக்கும் எல்லா மதத்துக்கும் ஒன்றுதான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான்காவது, இந்தப் பாடம் முடிவதற்குள் நம் ஊர் நினைவு மாணவர்களுக்கு வந்தே தீரும். அம்பேத்கர் பள்ளியில் தனியே கோணியை விரித்து உட்கார வேண்டியிருந்ததை அவர்கள் முன்பே அறிவார்கள். அவர்களே அதை எடுத்துச் சொல்லட்டும். ஆனால் "உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?" என்று யாரையும் எழுப்பிக் கேட்கக்கூடாது. சொல்ல விரும்புவோர் பெயர் எழுதாமல் தாளில் எழுதித் தரலாம். அந்தத் தாள்களை நாம் மட்டும் படிக்க வேண்டும். தேவையானால் தலைமையாசிரியரிடம் பேச வேண்டும்.

ஆசிரியரின் கையில் இருப்பது

இது மாணவர்களின் துணிவைப் பற்றிய பாடம் என்றுதான் தொடக்கத்தில் நினைத்தேன். நடத்த நடத்த, இது நம்மைப் பற்றிய பாடமாகவும் தெரிந்தது. நின்ற மாணவர்கள் தங்களால் ஆனதைச் செய்துவிட்டார்கள். அதற்குமேல் அந்தப் பெஞ்சை எடுத்துப்போடும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. அது மேடையில் இருந்தவரிடமும், ஆணையில் கையொப்பமிட்டவரிடமும்தான் இருந்தது. பிள்ளைகளுக்குத் துணிவைக் கற்பித்துவிட்டு, அவர்கள் துணிந்து நிற்கும்போது நாம் தலையைக் குனிந்துகொண்டு வருகைப்பதிவு எடுத்தால் அந்தக் கற்பித்தலுக்குப் பொருளில்லை.

நம் வகுப்பறைகளில் யாரும் முத்திரை குத்துவதில்லை. ஆனால் சின்னச் சின்ன ஏற்பாடுகள் முத்திரையின் வேலையைச் செய்துவிடும். உதவித்தொகைப் பட்டியல் தயாரிக்க, குறிப்பிட்ட பிரிவினர் எழுந்து நிற்கும்படி வகுப்பில் கேட்பது அப்படிப்பட்ட ஒன்று. அந்த விவரம் எமிஸ் பதிவிலும் சேர்க்கைப் பதிவேட்டிலும் இருக்கிறது. எல்லோர் முன்னிலையிலும் கேட்கத் தேவையே இல்லை. மதிப்பெண் குறைந்தவர்களுக்கென்று நிரந்தரமாகக் கடைசி பெஞ்சை ஒதுக்குவது மற்றொன்று. தண்ணீர் எடுத்துவர, வகுப்பைப் பெருக்க என்று எப்போதும் ஒரே பிள்ளைகளை அனுப்புவது இன்னொன்று. கேலி செய்தவனைக் கண்டிக்காமல், கேலிக்கு ஆளான பிள்ளையை "நீ இந்தப் பக்கம் வந்து உட்காரும்மா" என்று இடம் மாற்றுவதும் அதே வரிசையில் சேரும். போலந்தின் பல்கலைக்கழகங்கள் செய்தது இதையேதான், அளவுதான் பெரிது.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு இந்த வரலாறு முழுதும் தேவைப்படாது. வாரந்தோறும் இருக்கைகளைச் சுழற்சியில் மாற்றுவதும், மதிய உணவுக்கு எல்லோரையும் கலந்து உட்காரவைப்பதும், "இவளோட உட்கார மாட்டேன்" என்று ஒரு குழந்தை சொன்னால் அதை விளையாட்டாக விட்டுவிடாமல் காரணத்தைப் பொறுமையாகக் கேட்டுத் திருத்துவதும் போதும். ஆறு வயதில் யாரோடும் உட்காரப் பழகிய பிள்ளைக்குப் பதினைந்து வயதில் இந்தப் பாடத்தைப் புரியவைப்பது எளிது.

கல்வி உரிமைச் சட்டம் 2009, குழந்தைகளை மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. நலிந்த பிரிவுக் குழந்தைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் பார்த்துக்கொள்ளும் கடமையை அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் தருகிறது. அந்தக் கடமையை வகுப்பறைக்குள் நிறைவேற்றப்போவது நாம்தான். வரும் ஆண்டு இரண்டாம் உலகப்போர் பாடத்தை நடத்தவிருக்கும் சமூக அறிவியல் ஆசிரியர்கள் இரண்டு பாடவேளைகளை இதற்கு ஒதுக்கிப் பாருங்கள். பலகையில் அந்தக் கூடத்தை வரையும்போது, மேடைமேல் ஆசிரியர் நிற்கும் இடத்தையும் மறக்காமல் வரையுங்கள். மாணவர்கள் அதையும் கவனிக்கிறார்கள்.